பின்னால் வரும் வண்டிக்கும் பிரேக்

இழுபடும் வண்டிக்கும் பிரேக் வேண்டும் என்பதை ரயில்தான் முதலில் கற்றது. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869இல் காப்புரிமை பெற்ற காற்று பிரேக்கில் ஒரு குறை இருந்தது: குழாய் அறுந்தால் பிரேக்கும் போய்விடும். 1872இல் அவர் ஏற்பாட்டைத் தலைகீழாக மாற்றினார். காற்றழுத்தம் குறைந்தால் பிரேக் தானே பிடிக்கும். தானியங்கி பிரேக் இல்லாத ரயிலொன்றின் பெட்டிகள் 1889இல் அயர்லாந்தின் ஆர்மா அருகே ஏற்றத்தில் கழற்றிவிடப்பட்டுப் பின்னோக்கி உருண்டன. 80 பேர் இறந்தனர். பயணிகள் ரயில்களுக்குத் தானியங்கி பிரேக்கை பிரிட்டன் அதே ஆண்டு கட்டாயமாக்கியது.

சாலைக்கு இந்தச் சிக்கல் தாமதமாகவே வந்தது. அமெரிக்காவில் வின்னிபேகோ நிறுவனம் 1966இல் மோட்டார்ஹோம் தயாரிக்கத் தொடங்கியது. பேருந்து அளவு வீட்டை ஓட்டிக்கொண்டு பால் வாங்கப் போக முடியுமா? சிறு காரொன்றை நான்கு சக்கரமும் தரையில் உருளப் பின்னால் மாட்டிச் செல்வது வழக்கமானது.

அந்தக் காரின் எஞ்சின் ஓடுவதில்லை. பெடலை மிதிக்க உதவும் பிரேக் பூஸ்டரில் மிஞ்சிய வெற்றிடம் ஓரிரு மிதிப்பில் தீர்ந்து, பெடல் கல்லாகிவிடும். அதனால் ஓட்டுநர் இருக்கைக்கு முன் பெட்டி ஒன்றை வைத்து, அதன் கையால் பெடலை அழுத்த வைத்தார்கள். சிலர் மோட்டார்ஹோமிலிருந்தே காற்றுக்குழாய் இழுத்து, பெடலில் சிறு சிலிண்டரைப் பூட்டினார்கள். பெட்டியை அளவுக்கு மீறிய உணர்திறனோடு அமைத்தால் பிரேக் மெல்ல உரசிக்கொண்டே வரும். சூடேறிப் புகையும்வரை முன்னால் இருப்பவருக்குத் தெரியாது. இணைப்பு அறுந்தால் மெல்லிய கம்பி ஒரு ஊசியை உருவிவிடும், காரின் பேட்டரியே பிரேக்கைப் போடும்.