கூட்டுப்பொருள் இலகுரக விமானங்கள்

கண்ணாடி இழைத் துணியையோ கார்பன் இழைத் துணியையோ எப்பாக்சிப் பிசினில் நனைத்து, அடுக்கடுக்காக ஒட்டி இறுகவைத்த பொருளால் உடலும் இறக்கையும் அமைந்த, ஓரிருவர் மட்டுமே ஏறக்கூடிய சிறு விமானங்கள் இவை. அலுமினிய விமானம் கட்டுபவர் ஆலையில் சோதித்து அனுப்பிய தகட்டை வாங்கி, வெட்டி, ரிவெட் அடிக்கிறார். கூட்டுப்பொருளில் பொருளும் பாகமும் ஒரே மேசையில், ஒரே நேரத்தில் உருவாகின்றன. பிசின் கலந்த விகிதம் பிழைத்தால், வரைபடம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் இறக்கை பலமிழக்கும். இத்துறையின் கட்டுப்பாடுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு காரணத்திலிருந்து பிறந்தவை.

தொடக்கம் ஜெர்மனியில். ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தின் மாணவர் பறப்புக் குழு உருவாக்கிய எஃப்எஸ்-24 ஃபீனிக்ஸ் கிளைடர் 1957 நவம்பரில் பறந்தது. பால்சா மரத்தை நடுவில் வைத்து இருபுறமும் கண்ணாடி இழை போர்த்திய இறக்கை அதற்கு. ரிவெட் தலைகளும் தகட்டு விளிம்புகளும் இல்லாததால் இறக்கைமீது காற்று கலங்காமல் வழுக்கிச் சென்றது. எஞ்சின் இல்லாத விமானத்துக்கு அந்த வழுவழுப்பு பெரும் லாபம்.

இத்தகைய கிளைடர்களுக்கு விலையுயர்ந்த அச்சுகள் வேண்டியிருந்தன. அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் பட்டறை வைத்திருந்த பர்ட் ருட்டான் அந்தத் தடையை நீக்கினார். 1975இல் பறந்த அவருடைய வேரிஈஸியும் 1979இல் வந்த லாங்-ஈஸியும் அச்சே இல்லாமல் கட்டப்பட்டவை. நீல நிறப் பாலிஸ்டைரீன் நுரைக் கட்டியின் இரு முனைகளிலும் இறக்கையின் குறுக்குவெட்டு வடிவத்தில் வார்ப்புருக்களைப் பொருத்தி, சூடேற்றிய கம்பியை அவற்றின்மீது இழுத்தால் இறக்கையின் உள்ளுரு கிடைத்துவிடும். நுரையின் நுண்துளைகளைக் கண்ணாடி நுண்குமிழ் கலந்த பிசினால் அடைத்து, மேலே துணியை விரித்துப் பிசினூட்டுவார்கள். நுரை அங்கேயே தங்கிவிடும். வீட்டுக் கொட்டகையிலேயே விமானம் கட்டலாம் என்று ஆயிரக்கணக்கானோருக்குத் துணிவு தந்தது இந்த எளிய முறைதான். என் மதிப்பில் ருட்டானின் மிகப் பெரிய கொடை இதுவே. 1986இல் இடைநில்லாமல், எரிபொருள் நிரப்பாமல் உலகைச் சுற்றிய வாயேஜர்கூட அதற்கு அடுத்ததுதான்.

இம்முறையில் சில விதிகளை மீறவே முடியாது. பாலியெஸ்டர் பிசின் பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும், எப்பாக்சியே வேண்டும். பாலியூரிதேன் நுரையைச் சூட்டுக் கம்பியால் அறுத்தால் நச்சுப் புகை எழும். அதைக் கத்தியால்தான் செதுக்க வேண்டும். கையுறை இல்லாமல் எப்பாக்சியைத் தொடுபவர்களில் சிலருக்குத் தோல் ஒவ்வாமை வந்து, கட்டும் வேலையையே கைவிட நேர்கிறது. இழைகளின் திசையும் முக்கியம். இறக்கையை மேல்நோக்கி வளைக்கும் விசையை நீளவாக்கில் ஓடும் ஒருதிசை இழைகள் தாங்குகின்றன. முறுக்கும் விசைக்கு 45 பாகைச் சாய்வில் இட்ட துணி வேண்டும். பிசின் தேவைக்குமேல் சேர்ந்தால் எடைதான் கூடும், வலிமை கூடாது. வெற்றிடப் பைக்குள் வைத்து வளிமண்டல அழுத்தத்தால் மிகைப் பிசினை வெளியேற்றுவது இதனால்தான்.

இன்றைய தொழிற்சாலைகள் அச்சுமுறைக்கே திரும்பிவிட்டன. ஜெர்மன் நிறுவனமான ஃபிளைட் டிசைனின் சிடி வரிசையும், ஸ்லோவேனியாவின் பிப்பிஸ்ட்ரெல் விமானங்களும் இரு பாதி ஓடுகளாக வார்க்கப்பட்டு ஒட்டப்படுபவை. ஒவ்வோர் ஓடும் மெல்லிய இழைத்தோல், நடுவில் நுரை, மறுபடி தோல் என மூவடுக்காக இருக்கும். தோல்களைப் பிரித்து நிறுத்துவதாலேயே, எடை அதிகம் ஏறாமல் விறைப்பு பல மடங்கு கூடுகிறது.

வடிவமைப்பவரை நெருக்குவது எடைக் கணக்கு. அமெரிக்கா 2004இல் வகுத்த இலகு விளையாட்டு விமான விதி, தரையிலிருந்து கிளம்பும் விமானத்துக்கு 600 கிலோ உச்ச எடையும், சமதளப் பறப்பில் 120 நாட் உச்ச வேகமும் விதித்தது. தலா 90 கிலோ எடையுள்ள இருவர், 100 லிட்டர் பெட்ரோல் என்று கழித்தால் காலி விமானத்துக்கு மிஞ்சுவது ஏறத்தாழ 348 கிலோ. அதற்குள் எஞ்சினும் சக்கரங்களும் கருவிகளும் அடங்க வேண்டியிருந்தது. ஒற்றை இருக்கை அல்ட்ராலைட்டுக்கு விதி இன்னும் கடுமை: காலி எடை சுமார் 115 கிலோவைத் தாண்டக் கூடாது. 2025இல் அறிவிக்கப்பட்ட புதிய அமெரிக்க விதிகள் இலகு விளையாட்டு வகையின் எடை வரம்பை நீக்கி, இறக்கை தாங்கல் இழக்கும் வேகத்தை முக்கிய அளவுகோலாக்கின.

பலத்துக்கும் அளவு உண்டு. 600 கிலோ விமானம் தன் எடையைப்போல் 4 மடங்கு சுமையில் நிரந்தரக் கோணல் அடையக் கூடாது. அந்தச் சுமையின் ஒன்றரை மடங்கு, அதாவது 3,600 கிலோவுக்குச் சமமான சுமையில், முறியக் கூடாது. இறக்கையைத் தலைகீழாகப் பொருத்தி மணல்மூட்டைகள் அடுக்கி இதைச் சோதிப்பது வழக்கம். கூட்டுப்பொருள் கைக்குக் கை மாறுபடுவதால் இதற்குமேலும் ஒரு பாதுகாப்புக் காரணியைப் பெருக்குவார்கள்.

அறை வெப்பத்தில் இறுகிய எப்பாக்சிக்கு வெயில் ஆகாது. சூடு ஏற ஏற அது இளகத் தொடங்கும். இந்த விமானங்கள் பெரும்பாலும் வெள்ளையாகவே இருப்பதன் காரணம் இது. கருநிறம் பூச விரும்புபவர் பாகங்களை முன்கூட்டியே உயர் வெப்பத்தில் பதப்படுத்தியிருக்க வேண்டும். கார்பன் இழைக்கு வேறு இரு சிக்கல்கள். அலுமினியத்தைத் தொட்டால் ஈரத்தில் அலுமினியம் அரிக்கப்படும். இடையில் ஒரு கண்ணாடி இழை அடுக்கு வைக்க வேண்டும். கார்பன் இழை ரேடியோ அலைகளையும் மறைக்கும் என்பதால் ஆன்டெனாவைக் கண்ணாடி இழை உடலில்போல உள்ளே பதிக்க முடியாது.

வழுவழுப்புக்கும் விலை உண்டு. லாங்-ஈஸியின் முதல் முன்னிறக்கை மழைத்துளி படிந்தாலே தாங்கல் குறைந்து மூக்கு தாழ்ந்தது. காற்றியக்க வல்லுநர் ஜான் ரோன்ஸ் வரைந்த புதிய குறுக்குவெட்டு அதைத் தீர்த்தது.

அலுமினியம் நசுங்கினால் கண்ணுக்குத் தெரியும். கூட்டுப்பொருளில் வெளித்தோல் நன்றாக இருக்க, உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். பானை வாங்குபவர் விரலால் சுண்டிப் பார்ப்பதுபோல, பராமரிப்பாளர் நாணயத்தால் தட்டிக் கேட்கிறார். ஒலி மந்தமாக வந்தால் அந்த இடத்தைச் சரிவாகச் சீவி, பழைய இழைத் திசையிலேயே புதிய அடுக்குகளை ஒட்டுகிறார்.

இந்தியாவில் பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வுக்கூடம் 1993இல் பறக்கவிட்ட ஹன்சா, கூட்டுப்பொருளாலான ஈரிருக்கைப் பயிற்சி விமானம். சுமார் 750 கிலோ எடையால் பழைய 600 கிலோ வரம்புக்குள் வராது. ஆனால் கட்டும் முறையில் இதே குடும்பம். 2021இல் பறந்த அதன் புதிய வடிவமான ஹன்சா-என்ஜி, கடல்மட்டச் சோதனைகளை 2022இல் புதுச்சேரியில் முடித்தது.