ஆதரவு முடிந்த இயங்குதளத்தில் மென்பொருள் நிறுவுதல்

ஆதரவு முடிந்த இயங்குதளம் என்பது, அதனை உருவாக்கிய நிறுவனமோ குழுவோ பாதுகாப்புத் திருத்தங்கள் வெளியிடுவதை நிறுத்திவிட்ட கணினி இயங்குதளம் ஆகும். ஆதரவு முடிந்த பின்னரும் இத்தகைய இயங்குதளம் தொடர்ந்து இயங்கும். ஆயினும் புதிதாக வெளிவரும் மென்பொருட்களை அதில் நிறுவுவது படிப்படியாகக் கடினமாகும். தமிழ்நாட்டில் இச்சிக்கல் இருமுறை பரவலாக எழுந்தது. 2014 இல் விண்டோஸ் எக்ஸ்பியின் ஆதரவு முடிந்தபோது அரசு அலுவலகக் கணினிகளிலும், 2020 இல் விண்டோஸ் 7 இன் ஆதரவு முடிந்தபோது அதற்கு முன் மாணவர்களுக்கு வழங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினிகளிலும் இது காணப்பட்டது.

ஆதரவு முடிந்த நாட்கள்

மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் சில இயங்குதளங்களுக்குப் பொதுவான ஆதரவு முடிந்த நாட்கள் பின்வருமாறு:

* விண்டோஸ் 98 - 2006 சூலை 11
* விண்டோஸ் எக்ஸ்பி - 2014 ஏப்ரல் 8
* விண்டோஸ் 7 - 2020 சனவரி 14
* விண்டோஸ் 10 - 2025 அக்டோபர் 14

மென்பொருள் உருவாக்குநர்கள் இந்நாட்களுக்குப் பின்னரும் சிறிது காலம் பழைய இயங்குதளத்தைக் கருத்திற் கொள்வது வழக்கம். எடுத்துக்காட்டாக, கூகுள் குரோம் உலாவியின் 49 ஆம் பதிப்பே எக்ஸ்பியில் இயங்கிய இறுதிப் பதிப்பு ஆகும். விண்டோஸ் 7 இல் இயங்கும் இறுதிப் பதிப்பு 2023 இல் வெளிவந்த 109 ஆகும். பைத்தான் நிரல்மொழியின் 3.4 பதிப்பு வரை எக்ஸ்பியிலும், 3.8 பதிப்பு வரை விண்டோஸ் 7 இலும் இயங்கும்.

நிறுவல் தடைபடுவதற்கான காரணங்கள்

இயங்குதளச் செயற்கூறுகள்: ஒரு மென்பொருள் தன் பணிகளில் பலவற்றை இயங்குதளத்தின் செயற்கூறுகளை அழைத்தே செய்கிறது. விண்டோஸ் விஸ்டாவில் அறிமுகமான ஒரு செயற்கூறு எக்ஸ்பியில் இல்லை. அதனை அழைக்கும் மென்பொருள் தொடங்கும்போதே பிழைச்செய்தியுடன் நின்றுவிடும். மேலும், செயல்படு கோப்பின் தலைப்பகுதியில் அதற்குத் தேவையான குறைந்தபட்ச விண்டோஸ் பதிப்பு எண் குறிக்கப்பட்டிருக்கும். எக்ஸ்பியின் எண் 5.1, விஸ்டாவின் எண் 6.0. கோப்பில் 6.0 எனக் குறிக்கப்பட்டிருந்தால், அக்கோப்பு பழுதற்றதாக இருப்பினும் எக்ஸ்பி அதனைச் செல்லாத கோப்பு என்று கூறி ஏற்க மறுக்கும்.

இயக்கநேர நூலகம்: விண்டோஸ் 7 இல் "ஏபிஐ-எம்எஸ்-வின்-சிஆர்டி" என்று தொடங்கும் பெயருடைய கோப்பு காணப்படவில்லை என்ற செய்தி அடிக்கடி தோன்றுவதுண்டு. பொது சி இயக்கநேர நூலகம் அக்கணினியில் நிறுவப்படாமையே இதற்குக் காரணம்.

மின்னொப்பம்: 2019 முதல் மைக்ரோசாப்ட் தன் திருத்தங்களை சா-2 முறையில் மட்டுமே ஒப்பமிட்டு வெளியிட்டது. இம்முறையை அறியாத விண்டோஸ் 7 அத்திருத்தங்களை ஏற்பதில்லை.

மறையீடு: எக்ஸ்பியுடன் அமைந்த மறையீட்டுப் பகுதி டிஎல்எஸ் 1.0 நெறிமுறையுடன் நின்றுவிட்டது. ஆதலால் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8 மூலம் இன்றைய இணையத்தளங்களில் பெரும்பாலானவற்றைத் திறக்க இயலாது. பயர்பாக்ஸ் தன் மறையீட்டு நூலகத்தைத் தன்னுடனேயே கொண்டுவருவதால், அதே கணினியில் அதன் 52 ஆம் பதிப்பு டிஎல்எஸ் 1.2 நெறிமுறையைப் பயன்படுத்த முடிந்தது.

வன்பொருள்: சில வேளைகளில் தடை இயங்குதளத்தில் இல்லாமல் செயலியில் இருக்கும். பென்டியம் 3 செயலியில் எஸ்எஸ்இ2 கட்டளைகள் இல்லாமையால், விண்டோசுக்கான பயர்பாக்ஸ் 49 ஆம் பதிப்பும் அதற்குப் பிந்தியவையும் அதில் இயங்கா.

நிறுவும் முறைகள்

விண்டோஸ் 7 கொண்ட கணினியில் பின்வரும் வரிசையைப் பின்பற்றலாம்:

1. வன்தட்டில் உள்ள கோப்புகளை வேறொரு சேமிப்பகத்தில் படியெடுத்தல்.
2. முதலாம் சேவைத் தொகுப்பை நிறுவுதல். பிந்திய திருத்தங்கள் பலவற்றுக்கும் இதுவே அடிப்படை.
3. சா-2 ஒப்பத்திற்கான 2019 திருத்தங்களை நிறுவுதல்.
4. பொது சி இயக்கநேர நூலகத்தை நிறுவுதல்.
5. தேவையான மென்பொருளின் பொருந்தக்கூடிய இறுதிப் பதிப்பை, அதன் உருவாக்குநரின் பழைய பதிப்புத் தொகுப்பிலிருந்து பெற்று நிறுவுதல்.

விடுபட்ட ஒரு நூலகக் கோப்பை மட்டும் பிற இணையத்தளங்களிலிருந்து தரவிறக்கி இடுவது தவிர்க்கப்பட வேண்டும். அத்தகைய கோப்புகளின் மூலம் தீநிரல்கள் பரவுவதுண்டு.

விண்டோஸ் 98 இல் கெர்னல்எக்ஸ், விண்டோஸ் 7 இல் விஎக்ஸ்கெக்ஸ் போன்ற துணைநிரல்கள், இல்லாத செயற்கூறுகளுக்கு மாற்றுகளை வழங்குகின்றன. இவை தன்னார்வலர்களின் ஆக்கங்கள் ஆகும். இவற்றால் இயங்குதளத்தின் பாதுகாப்புக் குறைகள் நீங்குவதில்லை.

லினக்ஸ் வழங்கல்களில் நிலைமை சற்று வேறுபட்டது. டெபியனின் பழைய வெளியீடுகளுக்கான பொதிகள் ஆவணக்காப்பு வழங்கிக்கு மாற்றப்படுகின்றன. களஞ்சிய முகவரியை அதற்கேற்ப மாற்றினால் பழைய பொதிகளை நிறுவலாம். புதியவை தேவையெனில் வழங்கலையே மேம்படுத்த வேண்டும். டெபியனில் ஒரு வெளியீட்டைத் தாண்டி அடுத்ததற்கு நேரடியாகச் செல்வது ஆதரிக்கப்படுவதில்லை. ஒவ்வொரு வெளியீடாகவே மேம்படுத்த வேண்டும்.

தமிழ்க் கணிமையில்

தமிழ்ப் பயனர்கள் இச்சிக்கலை முன்னரே சந்தித்துள்ளனர். தமிழ் ஒருங்குறிக்கு ஆதரவு கொண்ட முதல் விண்டோஸ் பதிப்பு விண்டோஸ் 2000 ஆகும். விண்டோஸ் 98 பயனர்கள், யுனிஸ்கிரைப் என்னும் எழுத்தமைப்புக் கூறின் புதிய பதிப்பைப் பின்னர் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் வழியாகவே பெற்றனர். அக்கூறு இல்லாத இடங்களில் "கெ" போன்ற எழுத்துகளின் கொம்பு, மெய்யெழுத்துக்கு முன்னால் தோன்றாமல் பின்னால் தோன்றியது. எக்ஸ்பியிலும் வட்டார, மொழி அமைப்புகளில் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளைத் தனியே நிறுவ வேண்டியிருந்தது. இதற்கு எக்ஸ்பி இறுவட்டு அல்லது அதன் ஐ386 கோப்புறை தேவைப்பட்டது.

தமிழ்நாட்டு அரசுக் கணினிகள்

எக்ஸ்பியின் ஆதரவு முடிவை ஒட்டி, 2014 இல் தமிழ்நாடு அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை, அரசுத் துறைகள் தங்கள் கணினிகளில் பாஸ் லினக்ஸ் நிறுவுமாறு அறிவுறுத்தியது. பாஸ் என்பது சென்னையிலுள்ள சி-டாக் மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கி, 2007 இல் வெளியிட்ட இந்திய மொழிகளுக்கான கட்டற்ற இயங்குதளம் ஆகும்.

விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. எல்காட் நிறுவனம் மடிக்கணினிகளைக் கொள்முதல் செய்தது. தொடக்ககால மடிக்கணினிகளில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் ஆகிய இரண்டும் இடப்பட்டிருந்தன. பல குடும்பங்களில் இதுவே முதல் கணினியாக அமைந்தமையால், புதிய கணினி வாங்குவது அனைவருக்கும் எளிதான தீர்வன்று. இவற்றில் வேறு லினக்ஸ் வழங்கலை நிறுவ எண்ணுவோர், முதலில் அதனை யூஎஸ்பி நினைவகத்திலிருந்து இயக்கி, வைபை, ஒலி, திரை ஆகியவை இயங்குகின்றனவா எனச் சோதித்துக் கொள்ளலாம். செயலி 32 பிட் வகையா 64 பிட் வகையா என்பதும் அறியப்பட வேண்டும். 2025 இல் வெளிவந்த டெபியன் 13, 32 பிட் கணினிகளுக்கான நிறுவியை வழங்கவில்லை.

பாதுகாப்பு

2017 மே மாதத்தில் பரவிய வான்னாகிரை தீநிரல், விண்டோசின் கோப்புப் பகிர்வு நெறிமுறையில் இருந்த குறையைப் பயன்படுத்தியது. அப்போது மைக்ரோசாப்ட், ஆதரவு முடிந்திருந்த எக்ஸ்பிக்கும் விதிவிலக்காக ஒரு திருத்தம் வெளியிட்டது. இத்தகைய விதிவிலக்குகள் அரிதானவை. புதிய உலாவி ஒன்றை நிறுவுவதால் உலாவியின் குறைகள் மட்டுமே நீங்கும். அதன் அடியில் உள்ள இயங்குதளத்தின் குறைகள் அப்படியே இருக்கும். ஆகவே ஆதரவு முடிந்த கணினியை வங்கிப் பரிமாற்றம், விண்ணப்பங்கள் போன்றவற்றுக்குப் பயன்படுத்தாமல், இணைய இணைப்பின்றித் தட்டச்சு, நிரலாக்கப் பயிற்சி முதலியவற்றுக்குப் பயன்படுத்துவது பொருத்தமானது.

இவற்றையும் பார்க்க

* இயங்குதளம்
* பாஸ் லினக்ஸ்
* கட்டற்ற மென்பொருள்
* ஒருங்குறி