எதிர்த்தரப்பையும் கேள்: பினாங்கு வழக்கறிஞர் கர்ப்பால் சிங்



நம் மாணவர்களிடம் ‘நீ என்ன ஆகப் போகிறாய்?’ என்று கேட்டால், பத்தில் இருவராவது ‘வழக்கறிஞர்’ என்பர். காரணம் கேட்டால் கறுப்பு அங்கி, நல்ல வருமானம், ஊரார் மதிப்பு என்று விடை வரும். அத்தொழிலின் உட்பொருளை உணர்த்த, தொலைதூரத்துப் பெயர்களை நாம் தேட வேண்டியதில்லை. நாம் வாழும் இத்தீவிலேயே பிறந்து, படித்து, வாதாடிய ஒருவரின் வரலாறு இருக்கிறது. அவரே கர்ப்பால் சிங். அவர் தமிழரல்லர், சீக்கியர். ஆயினும் பினாங்குத் தமிழர்கள் அவரைத் தம்மவராகவே கருதினர். அவரது தொழில்வாழ்வைக் குறித்துச் சில செய்திகளைப் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

காவலாளியின் மகன்

கர்ப்பால் சிங் 1940-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள் ஜார்ஜ்டவுனில் பிறந்தார். தந்தையார் ராம் சிங், பஞ்சாபின் அமிர்தசரஸ் பகுதியிலிருந்து வந்து, காவலாளியாக வேலை செய்தும் மாடு வளர்த்தும் குடும்பத்தைக் காத்தவர். மகன் செயிண்ட் சேவியர் பள்ளியில் பயின்று, 1961-இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கச் சேர்ந்தார். மாணவர் இயக்கங்களில் அவருக்கு இருந்த ஆர்வம் பாடநூல்களில் அவ்வளவாக இல்லை. பட்டம் பெற ஏழு ஆண்டுகள் ஆயின! தேர்வில் ஒருமுறை சறுக்கிய பிள்ளையை ‘உருப்படமாட்டான்’ என்று முடிவு கட்டும் பெற்றோர் இதைச் சற்றே மனத்தில் இருத்துவது நன்று.

1969-இல் வழக்கறிஞராகப் பதிவு பெற்றார். 1970-இல் ஜனநாயகச் செயல் கட்சியில் இணைந்தார். 1978 முதல் 1999 வரை ஜெலுத்தோங் நாடாளுமன்ற உறுப்பினராகவும், 2004 முதல் இறக்கும்வரை நம் பாயான் பாருவுக்கு அண்டைத் தொகுதியான புக்கிட் குளுகோரின் உறுப்பினராகவும் விளங்கினார். ‘ஜெலுத்தோங் புலி’ என்னும் பட்டம் சாமிவேலு அவர்களுடன் நாடாளுமன்றத்தில் நிகழ்ந்த சொற்போரில் பிறந்தது. அவர் சிங்கமாக இருக்கட்டும், நான் புலியாக இருக்கிறேன். மலேசியாவில் சிங்கங்கள் இல்லையே என்பது கர்ப்பாலின் குறும்பான வாதம். அரசியல் ஒருபுறமிருக்க, அவரது உண்மையான களம் நீதிமன்றமே.

உயிரின் விலை

அவர் வழக்காடிய காலத்துச் சட்டம் எத்தகையது என்பதை ஒரு நிகழ்ச்சி காட்டும். 1977-இல் பினாங்கில் துப்பாக்கி வைத்திருந்த குற்றத்திற்காக ஒருவனுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. பிடிபட்டபோது அவனுக்கு வயது 14! 1975-ஆம் ஆண்டின் பாதுகாப்பு வழக்கு விதிகள் சிறுவர் என்றும் பெரியவர் என்றும் வேறுபாடு பார்க்கவில்லை. நாடெங்கும் எழுந்த கண்டனத்திற்குப் பின்னர் அத்தண்டனை மாற்றப்பட்டு, அச்சிறுவன் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டான். இரண்டாம் படிவ மாணவனின் வயது அது. நம் வகுப்பறைகளை விட்டு ஓரிரு ஆண்டுகளுக்கு முன் சென்ற பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள்.

பின்னர் 1983-இல் போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை கட்டாயமாக்கப்பட்டது. 15 கிராமோ அதற்கு மேலோ ஹெரோயின் வைத்திருந்து, கடத்தல் நிறுவப்பட்டால், நீதிபதிக்கு வேறு தண்டனை விதிக்கும் உரிமையே அன்று இருக்கவில்லை. அவ்வாண்டு நவம்பரில், இங்கிருந்து கூப்பிடு தொலைவிலுள்ள பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் பார்லோ, சேம்பர்ஸ் என்னும் இரு ஆஸ்திரேலியர் பிடிபட்டனர். பார்லோவுக்காகக் கர்ப்பால் வாதாடினார். வழக்கு தோற்றது. 1986 ஜூலை 7-ஆம் நாள் புடு சிறையில் இருவரும் தூக்கிலிடப்பட்டனர். ஆயினும் மரண தண்டனைக்கு எதிரான தம் கருத்தை அவர் இறுதிவரை கைவிடவில்லை. கட்டாய மரண தண்டனையை ஒழிக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2023 ஜூலையில்தான். அதைக் காண அவர் இல்லை.

‘போதைக் கடத்தல்காரனுக்கு ஏன் வாதாட வேண்டும்?’ என்று பெற்றோர் சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். குற்றத்தை ஆதரிப்பது வேறு. குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு விசாரணை முறையாக நடக்கிறதா எனக் காவல் நிற்பது வேறு. நாம் கற்பிக்கும் சிலப்பதிகாரத்தில் கோவலனுக்கு நேர்ந்தது என்ன? பொற்கொல்லன் சொல்லைக் கேட்ட மன்னன், எதிர்த்தரப்பை விசாரிக்கவே இல்லை. ஒரு கேள்வி கேட்டிருந்தால் ஓர் உயிர் பிழைத்திருக்கும், மதுரையும் பிழைத்திருக்கும். அந்தக் கேள்வியைக் கேட்பதற்காகவே வழக்கறிஞர் என்று ஒருவர் தேவைப்படுகிறார்.

சிறைக்குள் சென்ற வழக்கறிஞர்

விசாரணையின்றித் தண்டிக்கப்படுவது எத்தகையது என்பதைக் கர்ப்பால் தம் உடலாலேயே உணர்ந்தார். 1987 அக்டோபர் 27-ஆம் நாள் தொடங்கிய ‘லாலாங்’ நடவடிக்கையில், உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நூற்றுக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். நம் மக்கள் நன்கறிந்த பி. பட்டு, வி. டேவிட் ஆகியோரும் அவருள் அடங்குவர். கர்ப்பால் கமுந்திங் முகாமில் அடைக்கப்பட்டார்.

அவர் மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகளுள் ஒன்று உண்மைக்கு மாறானது. இதைச் சுட்டிக்காட்டித் தொடுத்த ஆட்கொணர்வு மனுவை ஏற்று, 1988 மார்ச் 9-ஆம் நாள் ஈப்போ உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஆனால், சில மணி நேரத்திற்குள் மீண்டும் கைது செய்யப்பட்டார்! 1989 ஜனவரியில்தான் வீடு திரும்பினார். நீதிமன்றம் திறந்த கதவை வேறொரு கை மூடிவிடக்கூடிய நிலை அன்று இருந்தது. அச்சட்டம் 2012-இல் நீக்கப்பட்டது.

சொல்லும் குற்றமானது

அன்வார் இப்ராஹிம் வழக்கில் வாதாடுகையில், தம் கட்சிக்காரருக்கு நஞ்சு வைக்கப்பட்டிருக்கலாம் என்று 1999-இல் நீதிமன்றத்திலேயே கூறினார். அச்சொற்களுக்காக 2000-ஆம் ஆண்டு அவர்மீது தேச நிந்தனைக் குற்றம் சாட்டப்பட்டது. வழக்கறிஞர் தம் கட்சிக்காரருக்காக நீதிபதியின் முன் பேசியதே குற்றமென்றால், பிறகு யார் யாருக்காகப் பேசுவது? 2002-இல் அக்குற்றச்சாட்டு மீட்டுக்கொள்ளப்பட்டது.

2005-இல் நேர்ந்த சாலை விபத்து அவரைச் சக்கர நாற்காலியில் அமர்த்தியது. ஆயினும் நீதிமன்றம் செல்வதை அவர் நிறுத்தவில்லை. 2009-இல் பேராக் மாநில ஆட்சி மாற்றத்தின்போது, சுல்தானின் முடிவையும் நீதிமன்றத்தில் கேள்விக்கு உட்படுத்தலாம் என்று சட்டக் கருத்து ஒன்றைக் கூறினார். மீண்டும் தேச நிந்தனை வழக்கு. முதலில் விடுதலை, மேல்முறையீட்டிற்குப் பின் மறுபடியும் விசாரணை, 2014 மார்ச்சில் 4,000 ரிங்கிட் அபராதம். 2,000 ரிங்கிட்டோ அதற்கு மேலோ அபராதம் பெற்றவர் நாடாளுமன்றப் பதவியை இழக்கும் நிலை இருந்ததால், அத்தொகை வெறும் தொகையன்று.

மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே, 2014 ஏப்ரல் 17-ஆம் நாள் அதிகாலை, வழக்கொன்றிற்காகப் பினாங்கு நோக்கி வருகையில் கம்பார் அருகே நிகழ்ந்த விபத்தில் அவரும் அவரது உதவியாளரும் உயிரிழந்தனர். இறந்தவர் மீதான வழக்குதானே என்று குடும்பத்தார் விட்டுவிடவில்லை. 2019 மார்ச் 29-ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் எனத் தீர்ப்பளித்தது. பத்தாண்டுகள் ஓடிய வழக்கு. அவர் மறைந்து ஐந்தாண்டுகளுக்குப் பின் வந்த வெற்றி!

ஊழலும் உரிமையும்

ஊழல் எதிர்ப்பு ஒன்று, மனித உரிமை மற்றொன்று என நாம் பிரித்துப் பேசுகிறோம். ஆனால், அவை தனித்தனி அல்ல. கேள்வி கேட்பவரை விசாரணையின்றி அடைக்கும் அதிகாரம் இருக்குமிடத்தில் ஊழலைக் கேட்க எவர் துணிவார்?

இதன் மறுபக்கமும் உண்டு. 2009 ஜூலை 16-ஆம் நாள், ஷா ஆலாமில் ஊழல் தடுப்பு ஆணைய அலுவலகம் இருந்த கட்டடத்தில் தியோ பெங் ஹோக் என்னும் இளைஞர் இறந்து கிடந்தார். அவர் குற்றவாளி அல்லர். சாட்சியாக அழைக்கப்பட்டு, இரவு முழுதும் அங்கிருந்தவர். அவரது குடும்பத்திற்காக வாதாடியவர்களுள் கர்ப்பாலின் மகன் கோபிந் சிங்கும் ஒருவர். அடையாளம் தெரியாதவர்களின் சட்டவிரோதச் செயலால் அம்மரணம் நேர்ந்தது என 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊழலை ஒழிக்கும் கையும் சட்டத்திற்குக் கட்டுப்பட வேண்டும் என்பதே இதன் பாடம்.

நாம் செய்யத்தக்கது

பினாங்கில் இன்று அவர் பெயரால் ஒரு கடலோரச் சாலை இருக்கிறது. அச்சாலையில் மாலை நேரத்தில் பிள்ளைகளோடு உலவுவோர் பலர். அப்பெயர் யாருடையது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல ஐந்து நிமிடங்கள் போதும்.

அதைவிட முக்கியமானது வகுப்பறை. பென்சில் காணாமற்போனால் வழக்கமாகக் குறும்பு செய்யும் மாணவனையே நம் கண்கள் முதலில் தேடுகின்றன. வீட்டில் குவளை உடைந்தாலும் அப்படியே. அவன் தரப்பைக் கேட்ட பின்னரே முடிவு சொல்வோம். ‘உன் பக்கம் என்ன நடந்தது?’ என்று நாம் கேட்டுப் பழக்கினால், நாளை அவனும் பிறரிடம் அவ்வாறே கேட்பான். அந்தப் பிள்ளை வழக்கறிஞர் ஆகாவிட்டாலும் குறையில்லை.

உங்கள் கருத்துகளையும், உங்கள் வட்டாரத்து வழக்கறிஞர்களைப் பற்றி நீங்கள் அறிந்தவற்றையும் எழுதுங்கள்.