வண்டலூரில் பிறந்த கார்கள், எங்கள் வாசலில் நின்ற வண்டிகள்

போன மாதம் மருமகன் வந்திருந்தார். "மாமா, எழுபது தாண்டியாச்சு. அந்த வண்டியை வித்துடுங்க, சின்னதா ஒரு கார் வாங்கிக்கலாம்" என்றார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இரவில் படுத்தபோது பழைய வண்டிகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அவற்றைப் பற்றித்தான் இன்று.

நம் ஜில்லாவுக்கும் வண்டிக்கும் உறவு பழையது. பழைய செங்கல்பட்டு ஜில்லா சென்னையைச் சுற்றி வளைத்துக் கிடந்தது. வடக்கே திருவொற்றியூரில் 1955-ல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது. எல்லையில் ரோந்து போக ராணுவத்துக்கு உறுதியான மோட்டார் சைக்கிள் தேவைப்பட்டது; இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டுடன் மெட்ராஸ் மோட்டார்ஸ் சேர்ந்து 350 சிசி புல்லட்டை இங்கே கொண்டுவந்தது. பிறந்த ஊரான ரெட்டிச்சில் கம்பெனியே மூடப்பட்ட பிறகும் புல்லட் நம் மண்ணில் ஓடிக்கொண்டே இருந்தது. இன்று அதே பெயர் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் தொழிற்சாலை வைத்திருக்கிறது.

தெற்கே ஜி.எஸ்.டி. சாலையில், பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் நடுவே ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ். முதலில் வேன்கார்டு கார்களைப் பூட்டினார்கள். 1961-ல் ஹெரால்டு வந்தது. இங்கிலாந்தில் அதன் பெயர் டிரையம்ஃப் ஹெரால்டு. பானெட்டை முன்பக்கமாகத் தூக்கினால் மட்கார்டும் விளக்கும் சேர்ந்தே எழுந்துவிடும். மெக்கானிக் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்ப்பார். குறுகிய தெருவிலும் ஒரே வீச்சில் திரும்பும்.

அங்கே அதற்கு இரண்டே கதவு. இங்கே பாட்டி, தாத்தா, குழந்தைகள் என்று குடும்பமே ஏறவேண்டும். முன் சீட்டை மடக்கி, பட்டுப்புடவையோடு பாட்டி பின்னால் நுழைவது நடக்கிற காரியமா? பின்னாளில் வண்டலூரில் நான்கு கதவு வைத்தார்கள். இங்கிலாந்தில்கூடக் கிடைக்காத நான்கு கதவு ஹெரால்டு நம் ஊரில் ஓடியது. தேவையைப் பார்த்து வண்டி செய்வது என்றால் அதுதான்.

அதே தொழிற்சாலை 1985-ல் அந்தப் பாடத்தை மறந்தது. ஸ்டாண்டர்டு 2000 என்று பெரிய கார் ஒன்றை வெளியிட்டார்கள். உடம்பு இங்கிலாந்தின் ரோவர். பார்க்க ராஜா மாதிரி இருக்கும். உள்ளே இருந்ததோ வேன்கார்டு காலத்து வம்சத்து இரண்டு லிட்டர் எஞ்சின். விலையும் அதிகம், பெட்ரோலையும் குடித்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1983 டிசம்பரில், மாருதி 800 வந்துவிட்டது. விலை குறைவு, பெட்ரோலும் குறைவு, தொந்தரவும் குறைவு. நடுத்தரக் குடும்பம் எந்தப் பக்கம் போகும் என்று சொல்லவேண்டியதில்லை. சில வருடங்களிலேயே ஸ்டாண்டர்டு உற்பத்தி நின்றது. அந்த இடத்தில் இன்று அடுக்குமாடிகளும் அலுவலகக் கட்டடங்களும் நிற்கின்றன.

இதே கதையை இன்னொரு தடவை மறைமலை நகரில் பார்த்தோம். ஃபோர்டு முதலில் தந்தது எஸ்கார்ட், வெளிநாட்டுக் கார். பிறகு 1999-ல் நம் நாட்டை மனதில் வைத்தே ஐகான் செய்தார்கள், அது பிடித்துக்கொண்டது. ஆனாலும் 2022-ல் அங்கே கார் உற்பத்தி நின்றது. அத்தனை பெரிய கம்பெனிக்கே நம் தேவையைக் கணிப்பது எளிதாக இல்லை என்றால், நாம் எம்மாத்திரம்!

இப்போது என் கதைக்கு வருகிறேன். 1981-ல் நான் கடலோரப் பள்ளி ஒன்றில் வாத்தியார். வீடு திருக்கழுக்குன்றத்தில். மனசெல்லாம் புல்லட்மேல். டீகம்ப்ரஷன் லீவரை அழுத்தி, அம்மீட்டர் முள்ளைப் பார்த்து உதைத்து, அந்தச் சத்தத்தோடு பள்ளிக்கூட வாசலில் போய் இறங்கவேண்டும் என்று ஆசை. வீட்டுக்காரி ஒரே கேள்வி கேட்டாள்: "ஏங்க, தினமும் எவ்வளவு தூரம் போறீங்க, யாரை ஏத்திக்கிட்டுப் போறீங்க?" பதினைந்து கிலோமீட்டர், தனியாக. அதோடு கேள்வி முடிந்தது.

அதற்கு முந்தின வருடம்தான் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்திருந்தது. இரண்டு பேர் உட்காரலாம், முன்னால் அரிசிப் பையும் வைக்கலாம், பெட்ரோல் தீர்ந்தால் பெடலை மிதித்தும் வீடு வந்து சேரலாம். அதையே வாங்கினேன். கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை மீன்கூடை தூக்கியவர்கள் பலரை அந்த மாதிரி மொபெட்தான் வண்டிக்காரர் ஆக்கியது.

கடலோரத்தில் இன்னொரு கணக்கும் உண்டு: உப்புக் காற்று. காற்றில் வரும் உப்பு இரும்பின்மேல் படிந்து, ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்; துரு சீக்கிரம் ஏறும். மட்கார்டின் உள்பக்கம், ஸ்போக்ஸ், சைலன்சர், செயின் என்று அது வரிசையாகத் தின்னும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடுபவனுக்கே மாமல்லபுரம் பக்கம் வண்டி நிலைக்கும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் பெயின்ட்டைப் பார்க்காமல் குனிந்து அடியைப் பார்க்கவேண்டும். காருக்கும் இதேதான்.

1985, ஐப்பசி மழை. இரவு பதினொரு மணிக்கு அப்பாவுக்கு மூச்சு முட்டியது. வாசலில் என் மொபெட். நிமிர்ந்து உட்காரவே முடியாத மனிதரை அதில் எப்படி ஏற்றுவது? வண்டி வாங்கும்போது அந்த இரவை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. ஓடிப்போய்ப் பக்கத்துத் தெரு ரைஸ் மில்காரர் கதவைத் தட்டினேன். அவர் லுங்கியோடு வந்து தன் பழைய ஹெரால்டை எடுத்தார். அப்பாவைப் பின் சீட்டில் படுக்க வைத்தோம். அம்மா எதிர்ப்பக்கக் கதவு வழியாக ஏறி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். அதற்குப் பிறகு அப்பா ஒன்பது வருடம் இருந்தார்.

அந்த நான்கு கதவின் அருமை அன்றுதான் எனக்குப் புரிந்தது.

அதற்காக அந்த ஒரு இரவுக்கென்று கடன் வாங்கிக் கார் வாங்கியிருக்கவேண்டுமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். இல்லை என்றே தோன்றுகிறது. தினசரிக்கு ஒரு வண்டி; அவசரத்துக்குத் தட்ட ஒரு கதவு. இரண்டும் இருக்கவேண்டும். அந்தக் காலத்தில் கதவு இருந்தது. இன்று 108-ஐக் கூப்பிடலாம்.

மருமகனுக்குப் பதில் சொல்லிவிட்டேன். காய்கறிக் கடைக்கும் கோயிலுக்கும் இப்போது எனக்கு நடையும் ஆட்டோவும் போதும். முழங்கால் தாங்காத வண்டியை ஓட்டி யாரையாவது இடித்துவிடுவதைவிட அது மேல். மாதம் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போக, வருஷம் முழுவதும் வெயிலிலும் உப்புக் காற்றிலும் ஒரு காரை நிறுத்தி வைக்கவும் வேண்டாம். அதற்கு வாடகைக் கார் போதும்.

வண்டியை எதிர்வீட்டுப் பையனுக்குக் கொடுத்தேன். சாவியோடு ஒன்று மட்டும் சொன்னேன்: "தம்பி, ஞாயித்துக்கிழமை தவறாமல் கழுவிடு."