எல்லைக் கோட்டை யார் பார்த்தது? பாறசாலையில் நின்று அனுபவவாதத்தைப் புரிந்துகொள்ளலாம்

களியக்காவிளையில் பஸ் இறங்கி பாறசாலைப் பக்கம் கொஞ்சம் நடந்து பாருங்க. தமிழ்நாடு எங்கே முடியுது, கேரளம் எங்கே தொடங்குது? இரண்டு பக்கமும் அதே தென்னை, அதே ரப்பர் தோட்டம், அதே செம்மண்தான். கடைப் பலகையில் எழுத்து மாறும், வண்டி எண் மாறும். எல்லை என்ற ஒன்று மட்டும் கண்ணில் படாது. அப்படியென்றால் அது அங்கே இருப்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?

அனுபவவாதம் என்றால் என்ன?

நம் அறிவுக்கெல்லாம் மூலம் புலன் அனுபவம்தான் என்ற கொள்கை. கண்டது, கேட்டது, தொட்டது, முகர்ந்தது, ருசித்தது, இவற்றிலிருந்துதான் மற்ற எல்லாம் வருகிறது. இங்கிலாந்தின் ஜான் லாக் 1689-ல் வெளியான தன் நூலில், பிறக்கும்போது மனம் எதுவும் எழுதாத வெள்ளைத்தாள் என்று வாதிட்டார். அன்னாசிப்பழத்தை ருசிக்காதவருக்கு அதன் சுவை பற்றிய எண்ணமே இருக்காது என்பது அவர் தந்த உதாரணம்.

இது வெள்ளைக்காரர் மட்டும் பேசிய விஷயமா?

இல்லை. மணிமேகலை காப்பியத்தின் 27-வது காதையில், சேரரின் வஞ்சி நகரில் பல சமயவாதிகள் மணிமேகலையிடம் தங்கள் கொள்கையைச் சொல்கிறார்கள். அளவைவாதி, அறியும் வழிகளைப் பத்து வரை அடுக்குகிறார். பூதவாதியோ கண்ணால் காண்பது ஒன்றே போதும், ஊகம் பொய்த்துப்போகும் என்கிறார். பூவும் வெல்லமும் சேர்ந்து போதை பிறப்பதுபோல, பூதங்கள் கூடி உணர்வு பிறக்கிறதாம். லாக்கை விட இவர் கறார்.

மணிமேகலை சிரித்துவிட்டு ஒரே கேள்வி கேட்கிறாள்: உன் தாய் தந்தையை நீ எப்படி அறிந்தாய்? சொந்தப் பிறப்பை யாரும் கண்ணால் பார்த்ததில்லையே!

சரி, எல்லைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இங்கே கோடு விழுந்ததே மொழிக் கணக்கை வைத்துத்தான். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரையையும் தமிழ்ப் பகுதியாகக் கேட்டது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டம், புதுக்கடையில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின. 1955-ல் அறிக்கை தந்த மாநில மறுசீரமைப்பு ஆணையம் மக்கள்தொகைக் கணக்கைப் பெரிதும் நம்பியது. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு சென்னை மாநிலத்துக்கு வந்தது. பக்கத்து நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது.

ஆனா மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழி என்பது காதால் கேட்டு அளந்ததல்ல. வீட்டுக்காரர் சொன்னதை எழுதிக்கொள்வது. தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் கலக்கிற ஊரில், படிவத்தில் ஒரு மொழிக்குத்தான் இடம்.

அப்போ அனுபவவாதம் தோற்றுப்போச்சா?

அவ்வளவு சுலபமாக இல்லை. யாரோ ஒருவர் கேட்டார், யாரோ அளந்தார், கல் நட்டார். கடைசியில் எல்லாம் ஒருவரின் புலனில்தான் போய் நிற்கிறது என்று அனுபவவாதி சொல்வார். பிறர் சொல்லை லாக்கும் தள்ளவில்லை. அதை உறுதியான அறிவு என்று ஏற்காமல், நம்பத்தகுந்தது என்ற அளவில் வைத்தார். சாட்சிகள் எத்தனை பேர், நேர்மையானவர்களா, விஷயம் தெரிந்தவர்களா, எதிர்ச்சாட்சி உண்டா என்று பார்க்கச் சொன்னார். நம் நாட்டு நியாய மரபு இதில் வேறு பக்கம்: நம்பத்தகுந்தவர் சொல்லே தனியொரு பிரமாணம், காட்சிக்குச் சமமாக நிற்கும்.