நரேன் கார்த்திகேயன்: பந்தய ஆண்டுகளும் ஒப்பந்தங்களும்

கோயம்புத்தூரில் 1977 ஜனவரி 14 அன்று பிறந்த நரேன் கார்த்திகேயன், பார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர். அங்கே அவர் கணக்கு 46 பந்தயம், 5 புள்ளி. இதை வைத்துத்தான் பலரும் அவர் திறமையை எடை போடுகிறார்கள். ஆண்டுகளை வரிசையாகப் பார்த்தால் வேறொன்று தெரியும்: எந்தக் காரில், எத்தனை நாள் என்பதைத் தீர்மானித்தது பெரும்பாலும் ஒப்பந்தத் தாள்தான். 1996இல் பார்முலா ஆசியா சாம்பியன். 2000இல் பிரிட்டிஷ் பார்முலா த்ரீயில் நான்காம் இடம். 2001இல் ஜாகுவார் அணியின் காரைச் சில்வர்ஸ்டோனில் ஓட்டிப் பார்த்தார். இத்தனைக்கும் பிறகு, பந்தய சீட் கிடைக்க 2005 ஆயிற்று. டாடா போன்ற ஸ்பான்சர்கள் துணைக்கு வர, ஜோர்டான் அணியில் இடம் பிடித்தார். அந்த அணியோ அப்போதுதான் மிட்லாண்ட் குழுமத்துக்குக் கைமாறியிருந்தது.

அவருடைய 5 புள்ளியும் அமெரிக்காவில் இனாமாக வந்தது என்பார்கள். 2005 ஜூன் 19, இண்டியானாபோலிஸ். மிஷலின் டயர் தாங்காது என்று, அணிவகுப்புச் சுற்று முடிந்ததும் 14 கார்கள் பிட்டுக்குள் திரும்பிவிட்டன. மிஞ்சிய ஆறில் இவர் நான்காவது. அதே ஜோர்டான் காரில் அணித்தோழர் மொன்டெய்ரோ மூன்றாவது. ஆகவே அந்தப் புள்ளிகள் அவர் திறமைக்குச் சாட்சியல்ல என்பதை ஒப்புக்கொள்ளலாம். கடைசி வரிசைக் காரில் மற்ற நாட்களில் புள்ளி வராததும் அவருக்கு எதிரான சாட்சியாகாது. பின்னாளில் உலக சாம்பியனான அலோன்சோவும் கடைசி வரிசை மினார்டி அணியில்தானே தொடங்கினார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அவர் பின்னால் ரெனோ இருந்தது. மினார்டி அவருக்கு ஓராண்டுப் பள்ளிக்கூடம். நரேனுக்கு ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் கணக்குத் தொடங்க வேண்டியிருந்தது.

2006, 2007இல் வில்லியம்ஸின் சோதனை ஓட்டுநர்; அடுத்த பார்முலா ஒன் பந்தயத்துக்கு 2011 வரை காத்திருப்பு. ஹெச்ஆர்டி அணியில் சேர்ந்து எட்டு சுற்றுகள் முடிந்ததும், ரெட்புல் வளர்த்த ரிக்கியார்டோவுக்கு அந்த சீட் போனது. அக்டோபரில் புத் சர்க்யூட்டில் முதல் இந்திய கிராண்ட் பிரி நடந்தபோது அதே அணியின் லியுஸி விலகி நிற்க, நரேன் ஓட்டி 17ஆம் இடம் பெற்றார். அதே வாரம் லோட்டஸ் அணியில் இருந்த மற்றோர் இந்தியரான கருண் சந்தோக்குக்குப் பந்தய வாய்ப்பே கிடைக்கவில்லை. ஒப்பந்தம் இருந்தால் வழக்குப் போடலாமே? 2015இல் டச்சு ஓட்டுநர் வான் டெர் கார்டே, ஒப்பந்தப்படி சீட் கேட்டு சாபர் அணிமீது மெல்போர்ன் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில் வென்றார். ஆனாலும் அந்த வாரம் அங்கே நடந்த பந்தயத்தில் அவர் ஓட்டவில்லை. தீர்ப்பு கையில் இருந்தாலும் சாவி அணியிடம்தான்.

2012 முழுக்க ஓட்டியபின் ஹெச்ஆர்டியே மூடப்பட்டது. நரேன் பிறகு ஜப்பானுக்குப் போய் 2014 முதல் சூப்பர் பார்முலாவில் ஓட்டினார். 2019 நவம்பரில், 42 வயதில், பியூஜியில் நடந்த ஜப்பானின் சூப்பர் ஜிடி, ஜெர்மனியின் டிடிஎம் தொடர்களின் கூட்டுப் பந்தயங்களில் இரண்டாவதை வென்றார்.