பாம்புக்கடி மருத்துவம் வளர்ந்த வரலாறு

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களில் பரந்து கிடப்பது வானம் பார்த்த பூமி. குமாரலிங்கபுரம் போன்ற சிற்றூர்களில் வாழும் உழவர்க்கு மழை பொய்ப்பது ஓர் அச்சம் என்றால், காலடியில் சுருண்டு கிடக்கும் பாம்பு மற்றோர் அச்சம். பருத்திக் காட்டில் குனிந்து நிற்பவரும், தட்டைப் படப்பில் கைவைத்து உருவுபவரும், கோடையின் வெம்மைக்கு அஞ்சித் தரையில் பாய் விரித்து உறங்குபவரும் இவ்வச்சத்தினின்றும் நீங்கியவர் அல்லர். வறண்ட நிலத்தையும் கற்குவியலையும் விரும்பி வாழ்வது சுருட்டை விரியன். எலியைத் தேடி வயலுக்கும் களத்திற்கும் வருவது கண்ணாடி விரியன். இரவில் உறங்குபவரைத் தீண்டுவது கட்டு விரியன். இவற்றோடு நல்ல பாம்பையும் சேர்த்து நான்கினையே நம் நாட்டில் பேருயிர்ச் சேதம் விளைப்பவை என அறிஞர் வகுத்துள்ளனர்.

பாம்பு தீண்டியவரைக் காப்பாற்றும் வழி யாது? இவ்வினாவிற்கு விடை காண மனிதன் நெடுங்காலம் முயன்றிருக்கிறான். மந்திரித்தல், வேர் கட்டுதல், பச்சிலை கொடுத்தல் என ஊருக்கு ஊர் முறைகள் இருந்தன. வேப்பிலை கசக்கிறதா, மிளகு காரமாக இருக்கிறதா என்று கேட்டு நஞ்சு ஏறியதா இல்லையா என்று தீர்மானிக்கும் வழக்கமும் இருந்தது. இம்முறைகளால் பிழைத்தோர் உண்டு என்று மக்கள் கூறினர். அவர்கள் பொய் கூறவில்லை. பிழைத்தவர்களை அவர்கள் கண்ணாரக் கண்டவர்களே. ஆயினும் பிழைத்ததற்குக் காரணம் அம்மருந்துதானா என்பதே ஆராய வேண்டிய வினா. பாம்புக்கடி ஆராய்ச்சியின் வரலாறு முழுவதும் இவ்வொரு வினாவைச் சுற்றியே வளர்ந்தது எனலாம்.

இவ்வரலாற்றின் தொடக்கத்தில் தமிழகத்து மருந்து ஒன்றே இடம் பெறுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் 'தஞ்சாவூர் மாத்திரை' என்ற பெயரில் ஒரு மருந்து பெரும் புகழ் பெற்று விளங்கியது. வெள்ளைப் பாஷாணம், பாதரசம், மிளகு முதலியவற்றோடு சில மூலிகைகளும் சேர்ந்த உருண்டை அது. கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கை நூல் அறிஞராகச் சோழமண்டலக் கரையில் பணியாற்றிய பாட்ரிக் ரஸ்ஸல் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர், இம்மாத்திரையை நாய்கள் மீதும் கோழிகள் மீதும் பரிசோதித்துப் பார்த்தார். எந்தப் பாம்பு நஞ்சுடையது, எது நஞ்சில்லாதது என்பதை மக்கள் பிரித்தறிதல் வேண்டும் என்பதும் அவருடைய நோக்கம். அவர் எழுதிய, சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றிய நூல் 1796ஆம் ஆண்டில் வெளிவந்தது. நம் கண்ணாடி விரியனுக்கு அறிவியல் உலகம் வழங்கும் பெயரில் இன்றும் ரஸ்ஸலின் பெயரே விளங்குகிறது.

அடுத்து வந்தவர் கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர் ஜோசப் பேரர். 1869ஆம் ஆண்டில் இந்தியாவின் ஒரு பகுதியில் மட்டும் 11,416 பேர் பாம்புக்கடியால் மாண்டனர் என்ற கணக்கை அவர் திரட்டினார். அக்காலத்தில் போற்றப்பட்ட மருந்துகள் பலவற்றையும் விலங்குகளுக்குக் கொடுத்துச் சோதித்தார். 1872இல் வெளிவந்த அவரது பெருநூல் பாம்புகளை அழகிய வண்ணப் படங்களோடு விளக்கியது. ஆயினும் நம்பத்தக்க மாற்று மருந்து ஒன்றும் கிட்டவில்லை என்பதே அவர் கண்ட முடிவு. கடிவாயைக் கீறிப் பர்மாங்கனேட் உப்பைத் தேய்க்கும் முறை பின்னர்ப் பரவிப் பல்லாண்டுக் காலம் வழங்கியது. அதுவும் பயனற்றதென்று கைவிடப்பட்டது. கீறியதனால் புண்ணும் குருதிப் பெருக்கும் மிகுந்ததே கண்ட பலன்.

உண்மையான மருந்து நஞ்சிலிருந்தே பிறந்தது. பிரெஞ்சு அறிஞர் ஆல்பர்ட் கால்மெட் 1890களின் தொடக்கத்தில் சைகோன் நகரில் பணியாற்றுகையில் நாகத்தின் நஞ்சை ஆராய முற்பட்டார். சிறிது சிறிதாக நஞ்சை ஏற்றிப் பழக்கிய விலங்கின் குருதியில் அந்நஞ்சை எதிர்க்கும் ஆற்றல் தோன்றுகிறது. அக்குருதியின் தெளிநீரைப் பிரித்தெடுத்துக் கடிபட்டவருக்குச் செலுத்தினால் நஞ்சு முறியும். 1894ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் பிசாலிக்ஸ், பெர்த்ரான் என்னும் இருவரும், கால்மெட் தனியாகவும் இவ்வுண்மையை வெளியிட்டனர். அதன் பின்னர்க் குதிரையின் குருதியிலிருந்து மருந்து உருவாயிற்று.

ஒரே மருந்து எல்லாப் பாம்புக்கும் போதும் என்று முதலில் எண்ணினர். இந்தியாவில் பணியாற்றிய ஜார்ஜ் லாம்ப் என்னும் மருத்துவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வெண்ணம் தவறென்று காட்டினார். நாகத்திற்கு எதிரான மருந்து கண்ணாடி விரியன் நஞ்சை முறிக்கவில்லை. பூட்டுக்கு ஏற்ற சாவி வேண்டும் என்பது போல, நஞ்சுக்கு ஏற்ற மருந்து வேண்டும் என்பது தெளிவாயிற்று. கடித்த பாம்பு எது என்று நள்ளிரவில் யார் அறுதியிட்டுக் கூற முடியும்? ஆதலின் நான்கு பாம்புகளின் நஞ்சையும் முறிக்கவல்ல கூட்டு மருந்து நம் நாட்டில் வழக்கிற்கு வந்தது. இதனை உறைய வைத்து ஈரம் போக்கித் தூளாகவும் ஆக்குவதால், குளிர்பெட்டி இல்லாத சிற்றூர் மருத்துவமனையிலும் வைத்துக் காக்க முடிகிறது.

இம்மருந்துக்கு மூலப்பொருள் நஞ்சு. அதனைத் திரட்டித் தரும் பணியில் தமிழகத்து இருளர்கள் பெற்றுள்ள இடம் பெரிது. தோலுக்காகப் பாம்பு பிடித்து வாழ்ந்த அம்மக்கள், வனவிலங்குச் சட்டத்தால் அவ்வாணிகம் நின்றபின் பிழைப்பிழந்து நின்றனர். 1978ஆம் ஆண்டில் அவர்களுக்கெனக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று தோன்றியது. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் அவர்கள் பாம்பைப் பிடித்து, சில வாரங்கள் வைத்திருந்து, நஞ்சை எடுத்து, அடையாளமிட்டு மீண்டும் காட்டில் விடுகின்றனர். இச்சமூகத்தைச் சார்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

மருந்து கிடைத்த பின்னும் வினாக்கள் தீரவில்லை. எவருக்கு மருந்து வேண்டும்? எவ்வளவு வேண்டும்? மருந்தே தீங்கு செய்தால் என் செய்வது? இவற்றிற்கு விடை ஆய்வுக்கூடத்தில் இல்லை. நோயாளியின் கட்டிலருகேதான் உண்டு. மலேயாவின் பினாங்கு மருத்துவமனையில் 1950களிலும் 1960களிலும் பணியாற்றிய அலிஸ்டர் ரீட் என்னும் மருத்துவர், பாம்பு தீண்டி வந்தோர் நூற்றுக்கணக்கானோரைத் தொடர்ந்து கவனித்துக் குறித்து வைத்தார். ஏறக்குறையப் பாதிப்பேர்க்கு நஞ்சு சிறிதளவே ஏறியிருந்தது, அல்லது ஏறவே இல்லை. வேரும் மந்திரமும் நற்பெயர் பெற்ற இரகசியம் இங்கே விளங்கிவிடுகிறது. தாமாகவே பிழைக்க இருந்தவர்களின் உயிர், அருகில் எந்த மருந்து இருந்ததோ அதன் கணக்கில் எழுதப்பட்டது.

அப்படியாயின் நஞ்சு ஏறியவரைக் கண்டறிவது எங்ஙனம்? விரியன் நஞ்சு குருதி உறையும் தன்மையைக் கெடுக்கிறது. நைஜீரியாவில் சுருட்டை விரியன் இனத்துப் பாம்பு தீண்டியவர்களை ஆராய்ந்த டேவிட் வாரல் முதலிய மருத்துவர்கள், 1977இல் வெளியிட்ட ஆய்வில், எளிய உறைதற் சோதனை ஒன்றே மருந்தளவுக்கு வழிகாட்டியாகும் என்று காட்டினர். தூய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் சிறிது குருதியை எடுத்து, 20 நிமிடங்கள் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் நஞ்சு ஏறியது என்பது பொருள். வேப்பிலையும் மிளகும் கூறாத விடையை ஒரு கண்ணாடிக் குழாய் கூறிவிடுகிறது. மின்சாரமும் பெருங்கருவியும் வேண்டாத இச்சோதனை சிற்றூர் மருத்துவமனைக்கென்றே பிறந்தது போன்றது. நாகமும் கட்டு விரியனும் நரம்பைத் தாக்குபவை ஆதலின், இமை தாழ்தல், மூச்சுத் திணறல் முதலிய குறிகளையே அங்கே நோக்க வேண்டும்.

குதிரைக் குருதியிலிருந்து பெறும் மருந்து சிலரிடத்தில் கடும் ஒவ்வாமையை விளைக்கும். அதனைத் தடுக்க முன்கூட்டியே எந்த ஊசி போடலாம் என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேற்றுமை இருந்தது. இலங்கையின் மூன்று மருத்துவமனைகளில் 1,007 நோயாளிகளிடம் நடந்து 2011இல் வெளியான ஆய்வு இதனைத் தீர்த்து வைத்தது. யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் நீர் என்பது குலுக்கல் முறையில் முடிவு செய்யப்பட்டது. கொடுப்பவரும் அறியார், பெறுபவரும் அறியார். விருப்பு வெறுப்பு நுழையாதிருக்கவே இவ்வேற்பாடு. நான்கில் மூன்று பங்கினர்க்கு ஏதேனும் ஒவ்வாமை தோன்றியது. சிறிதளவு அட்ரினலின் ஊசி, முதல் ஒரு மணி நேரத்தில் கடும் ஒவ்வாமையை நூற்றுக்கு 43 பங்கு குறைத்தது. வழக்கமாகக் கொடுத்து வந்த வேறிரு மருந்துகளாலும் பயன் தெரியவில்லை.

எனினும் மருந்து மருத்துவமனையில் இருந்து, நோயாளி வீட்டில் இருந்தால் யாருக்கு என்ன பயன்? இந்தியாவில் 2005ஆம் ஆண்டில் ஏறத்தாழ 45,900 பேர் பாம்புக்கடியால் மாண்டனர் என்று 2011இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. வீடு வீடாகச் சென்று இறப்பின் காரணத்தைக் கேட்டறிந்து செய்த ஆய்வு அது. மாண்டவர்களில் நூற்றுக்கு 97 பேர் நாட்டுப்புறத்தவர். மருத்துவமனையில் இறந்தவர் நூற்றுக்கு 23 பேரே. மற்றவர்களின் பெயர் எந்த மருத்துவமனைப் பதிவேட்டிலும் ஏறவில்லை. எண்ணப்படாத சாவுக்கு மருந்து ஒதுக்குவார் யார்? தமிழ்நாட்டரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியதன் சிறப்பு இதனால் விளங்கும். 2030க்குள் இச்சாவுகளைப் பாதியாகக் குறைப்பது என்னும் குறிக்கோளை உலக நல நிறுவனம் வகுத்துள்ளது. நம் நாடும் அதனை மேற்கொண்டுள்ளது.

இன்னும் செய்ய வேண்டுவன உள. ஒரே இனத்துப் பாம்பின் நஞ்சும் நிலத்துக்கு நிலம் வேறுபடுகிறது என்று அண்மை ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. ஆதலின் ஒரு வட்டாரத்து நஞ்சினால் ஆக்கிய மருந்து மற்றொரு வட்டாரத்தில் குறைந்த பயனே தரலாம்.

இருநூறு ஆண்டு ஆராய்ச்சி உழவர் குடும்பத்துக்குக் கூறும் அறிவுரை மிகச் சுருக்கமானது. கடிவாயைக் கீறாதீர், வாயால் உறிஞ்சாதீர், கயிற்றால் இறுகக் கட்டாதீர், பாம்பைத் தேடிக் காலத்தைப் போக்காதீர். கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, 108 வண்டியையோ கிடைத்த வேறு வண்டியையோ கொண்டு உடனே மருத்துவமனை சேருங்கள். நஞ்சு ஏறாதிருந்தால் அதனை அங்கே அறிந்து மகிழ்ச்சியோடு திரும்பலாம். ஏறியிருந்தால் அதனை முறிக்கும் மருந்து அங்கேதான் உண்டு.